புலி தொங்கிய ஆணி

சில வாரங்களாக அந்தப் புலி முகமூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். காலையில் கழற்றி மேசையில் வைப்பேன், கொடுத்துவிடலாம் என்று. மாலையில் வந்து வெறும் ஆணியைப் பார்த்ததும் மறுபடி மாட்டிவிடுவேன்.

"புலி இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும். இப்படி எறக்கி ஏத்திட்டே இருந்தா செவுத்துச் சுண்ணாம்பு உதுருதுங்க. கூட்டறது நானு" என்றாள் மனைவி.

மெக்சிகோவின் ஏதோ மலைக் கிராமத்தில் மழை வேண்டி ஆடுகிறவர்கள் அணிந்த மர முகமூடி அது. கண்களில் கண்ணாடிச் சில்லு, மீசைக்குக் காட்டுப்பன்றி மயிர். ஆடியவர்களின் வியர்வை ஊறி உட்புறம் கறுத்திருக்கும். ஜவுளிக் கண்காட்சிக்காக ஜெர்மனி போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். நான் சேகரித்த முதல் பொருள். பாலித் தீவின் தோல்பாவை, கானாவின் மரச் சீப்பு, போலந்தின் வண்ணக் காகித வெட்டு எல்லாம் பிறகு வந்தவை. புலியை நடுவில் வைத்து, மற்றவற்றை ஒரு சாண் இடைவெளியில், மட்டம் பார்த்து மாட்டியிருந்தேன்.

அந்தப் புலியை ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கம்பெனியோடு பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற நார்வே நாட்டு டிசைனர் அம்மா. அவரும் சேகரிப்பவர். பதிலுக்கு அவர் தருவதாகச் சொன்னது, அவர் நாட்டு விவசாயிகள் அணிந்த பழைய ஸ்வெட்டர். கையால் பின்னியது, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தோரம் பூத்தையல். பின்னலாடையில் பிழைக்கிற என் சேகரிப்பில் ஒரு பின்னலாடைகூட இல்லை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். பார்த்துவிட்டு முடிவெடுங்கள், வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள் என்று முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

அது வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விரிப்பேன், மடிப்பேன், பூச்சி அரிக்குமோ என்று நிழலில் உதறுவேன். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே புலி.

கடைசியில் புலி இருக்கட்டும், ஸ்வெட்டர் போகட்டும் என்று தீர்மானித்தேன். கூரியரில் அனுப்புவதற்காக முதலிபாளையத்தில் உள்ள கம்பெனிக்கு எடுத்துப்போய், சாம்பிள் அறை மேசையில் வைத்துவிட்டு, அளவான அட்டைப்பெட்டி தேடி பேக்கிங் பக்கம் போனேன். அங்கே கார்ட்டன்களில் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருந்தார்கள். அதைச் சரிசெய்ய நின்றதில் நேரமாகிவிட்டது.

சாம்பிள் அறையைக் கவனிப்பவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மேசைக்கு எந்தத் துணி வந்தாலும் முதலில் ஜிஎஸ்எம் கட்டரை எடுப்பார். அதை அழுத்தித் திருகினால் துணி உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டுப்படும். வட்டத்தைத் தராசில் போட்டால் துணியின் கனம் தெரியும். திருப்பூரில் இது யோசித்துச் செய்கிற வேலை அல்ல, கை தானாகச் செய்வது.

நான் திரும்பியபோது வட்டம் தராசில் இருந்தது.

"சார், அறுநூறத் தாண்டுது. இவ்ளோ கனம் நம்ம மெஷின்ல ஓடாதுல்லா?"

"அது சாம்பிள் இல்லம்மா. என்னோடது." பிறகு திருத்தினேன். "இன்னும் என்னோடதும் இல்ல."

அவர் கட்டரை மெல்லக் கீழே வைத்தார். "டேக் இல்லியேன்னு பாத்தேன் சார். நீங்க டேக் போடாம ஒரு நூலக்கூட இந்த மேசையில வைக்க மாட்டீங்க. ஏதோ அவசர சாம்பிள்னுல்லா நெனச்சேன். அதான் டிசைன்ல கை வைக்காம, அடியில வெள்ளையில வெட்டுனேன்."

உண்மைதான். இடுப்புக்குக் கீழே ஸ்வெட்டர் வெறும் வெள்ளை. வெட்டு அங்கேதான் விழுந்திருந்தது. ஓரத்தில் கண்ணிகள் அவிழத் தொடங்கியிருந்தன. அவரே ஊசியில் நூல் கோத்து, மேலும் ஓடாமல் நிறுத்தினார்.

படமெடுத்து, நடந்ததை நார்வேக்கு எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது. அந்த வெள்ளைப் பகுதியைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்வார்களாம், அதனால்தான் அங்கே டிசைன் இல்லை, ஓட்டை யாருக்கும் தெரியாது, துண்டோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள், புலி உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அப்பா கட்டிங் யூனிட் நடத்தியவர்.

"அவங்க பெரிய மனசு, சொல்லுவாங்க. வெட்டுன துணிய எந்த மில்லுலீங்க திருப்பி எடுக்கறாங்க? கத்தி வெச்சாச்சுன்னா துணி நம்முளுது."

"புலி போயிருமே."

"போனா ஊடு கொஞ்சம் வெளிச்சமா இருக்கும். ஆனா அதுக்காவச் சொல்லலீங்க."

எங்களிடம் துணி வாங்கி, வெட்டிய பிறகு சரியில்லை என்று வந்து நிற்பவர்களிடம் இதையே நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கம்பெனித் துணிக்கு ஒரு நியாயம், என் சுவருக்கு ஒரு நியாயமா என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்வெட்டருக்காகத் தேடிய பெட்டி புலிக்குப் போதவில்லை. பெரிதாக ஒன்று எடுத்து, மீசை முறியாமல் சுற்றிலும் டிஷ்யூ காகிதம் திணித்து அனுப்பினேன்.

ஸ்வெட்டர் இப்போது அலமாரியில் இருக்கிறது, வட்டத் துண்டு தனி உறையில். தைத்து மூடலாமா, அப்படியே விடலாமா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. புலியின் ஆணியில் மனைவி மளிகைக் கடைக் காலண்டரை மாட்டிவிட்டாள். தோல்பாவையையும் சீப்பையும் நகர்த்திப் பார்த்தேன், இடைவெளி ஒத்துவரவில்லை. நேற்றுச் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய்க் காலண்டரைச் சற்று இடப்பக்கம் தள்ளினேன்.

"அது நேராத்தான் இருக்குதுங்க" என்றாள் அவள். "வந்து உக்காருங்க. ரசம் ஆறுது."