மாமா சொன்ன கள்வர்கள்

2018 மார்ச் ஏழாம் திகதி, புதன்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு, வாசலில் கிடந்த செருப்புகள் அனைத்தையும் அம்மா வீட்டுக்குள் எடுத்துவைத்தார். எனக்கு அச்சம் தொடங்கியது அந்த நேரத்தில்தான். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிவதாக மதியமே பேசிக்கொண்டார்கள். ஊரடங்குச் சட்டம் அமலில் இருந்தது, பாடசாலை இல்லை. பன்னிரண்டு வயதில் இவையெல்லாம் விடுமுறையின் வேறு பெயர்களாகவே எனக்குத் தோன்றின. ஆனால் செருப்புகள் உள்ளே வந்து, சாப்பாட்டு மேசைக்கு அடியில் வரிசையாக நின்றது அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்திராத காரியம். அவற்றுள் இரண்டு சோடி எங்களுடையவை அல்ல.

அவை, சரிவில் இரண்டு வீடு கீழே குடியிருந்த டீச்சருடையதும் அவருடைய ஏழு வயது மகளுடையதும். டீச்சர் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தார். கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன அவருடைய கணவர் ஊரடங்கினால் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். எதிர்வீட்டுச் சிங்களக் கடைக்காரர்தான் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இருவரையும் உடனே எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொள்ளும்படி சொன்னார்.

"டிவியப் போடுடா. சத்தமில்லாத வீட்டத்தான் எட்டிப் பாப்பானுங்க" என்று அம்மா தம் தம்பியிடம் சொன்னார். அவர் எனக்குச் சின்ன மாமா. கண்டியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்தவர், ஊரடங்கில் எங்களோடு மாட்டிக்கொண்டவர்.

சிங்களச் செய்தியில் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் டீச்சர் முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றினார். மாமா அதை மாற்றினார். தமிழ் அலைவரிசை வந்ததும் அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து தமிழ் கேட்டால் அது எங்கள் வீடாகவும் இருக்கலாம், டீச்சருடைய வீடாகவும் இருக்கலாம். வெளியில் நிற்பவர்களுக்கு அந்த வேறுபாடு கேட்காது.

ஆகவே மாமா தம் பென் டிரைவை எடுத்தார். அதில் ஓர் ஆங்கிலப் படம் இருந்தது. அவரும் பார்த்ததில்லை.

"ரொம்பப் பழைய காலத்துச் சரித்திரம். நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார்.

"எங்களுக்கு யார் வெளங்கப்படுத்துறது? 'யெஸ் சார்' தவிர ஒனக்கு என்னடா இங்கிலீஷ் தெரியும்?"

"சொல்லுவேன்க்கா. ஆனா டீச்சர் முன்னால சொன்னா மார்க்கக் கொறச்சிருவாங்களே."

டீச்சர் அன்று மாலை முதன்முறையாகச் சிரித்தார். "பிழ புடிக்க மாட்டேன் தம்பி. சொல்லுங்க."

அப்பா முன்னறையில் யன்னலோரம் கதிரையைப் போட்டு அமர்ந்தார். நாங்கள் ஐவரும் உள்ளறையில் நெருக்கமாக இருந்தோம். பெருந்தூண்கள் நிறைந்த நகரம் ஒன்று. அங்கே ஒரு புத்தக மாளிகை. அதைக் காத்துவந்த பெண், சந்திரனை நிழல் மூடும் நாளை முன்கூட்டியே கணித்துச் சொல்பவள். படம் உரத்து ஆங்கிலம் பேச, மாமா எங்கள் காதுகளுக்குள் தமிழில் முணுமுணுத்தார்.

பிறகு வெள்ளை உடுத்த ஒரு கூட்டம் கோயிலுக்குள் புகுந்து ஒரு சிலையின் தலையை உடைத்தது. அவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். மாமா டீச்சரைப் பார்த்தார், டீச்சருடைய மகளைப் பார்த்தார்.

"கள்ளனுங்க வந்துட்டானுங்க" என்றார்.

சற்று நேரத்தில் அடிபட்டவர்கள் ஆயுதங்களோடு திரும்பி வந்து, வெள்ளை உடுத்தவர்களை அடித்தார்கள்.

"அப்ப இவங்க யாரு மாமா?" என்று கேட்டேன்.

"இவனுங்களும் கள்ளனுங்கதான்."

"முதல்ல கோயில்ல கும்பிட்டாங்களே?"

இருட்டில் டீச்சருடைய குரல் கேட்டது: "ரெண்டு கூட்டம் கள்ளன் ஈக்கிறாங்க மகள்."

அதன்பின் எனக்குக் கதை தெளிவாக விளங்கியது. திரையில் புத்தகச் சுருள்களை முற்றத்தில் குவித்துத் தீ வைத்தபோது, டீச்சரின் மகள்தான் கேட்டாள்.

"உம்மா, கள்ளன் என்னத்துக்குப் புத்தகத்த எரிக்கிற?"

"அவங்களுக்கு வாசிக்கத் தெரியா மகள். தெரிஞ்சா எரிக்க மாட்டாங்க."

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்கள் சரிவில் ஏறிவந்தன. ஒன்றல்ல, பல. எங்கள் வாசல் படலையில் தடியால் தட்டினார்கள். அம்மா ரிமோட்டை நோக்கிக் கை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று சத்தம் அடங்கும் வீட்டைத்தான் சந்தேகிப்பார்கள். திரையில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, வெளியில் யாரோ அப்பாவிடம், இது யாருடைய வீடு என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

தமிழ் வீடு, ஐயா, என்று அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார். அவருடைய தகப்பனார் இதே கண்டியில், தமிழர் வீடுகள் எரிந்த எண்பத்து மூன்றாம் ஆண்டில், இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்ல அஞ்சி ஒளிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு அப்பா ஏன் ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார் என்பதும் தெரியாது.

அவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அது படத்திலிருந்து வருவதாகவே எண்ணினேன். அந்தப் பழைய நகரத்து யன்னல்களில் கண்ணாடியே இல்லை என்பதைக் கவனிக்க எனக்குத் தோன்றவில்லை. டீச்சர் மகளின் தலையைத் தம் மடியில் அழுத்தி, இரண்டு காதுகளையும் பொத்தினார். அந்த நேரம் படத்தில் யாரும் பேசவில்லை. மாமா மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பின்கதவால் இறங்குகிறாள், ஆற்றங்கரையில் படகு நிற்கிறது, ஏறிவிட்டாள், போய்விட்டாள், இனிப் பயமில்லை. சொல்லி முடித்ததும் தொலைக்காட்சியை அணைத்தார். எரியும் மணம் வந்தது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்றார் அம்மா.

சென்ற ஆண்டு, பல்கலைக்கழக வகுப்பொன்றில் அதே படத்தை வசன எழுத்துகளோடு முழுமையாகப் பார்த்தேன். அதில் கள்வர் என ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தத்தம் கடவுளின் பெயரைத்தான் கத்தினார்கள். புத்தகங்களுக்குத் தீ வைத்தவன், அதற்கு முந்திய காட்சியில் தன் வேதத்தைக் கையில் விரித்துத் தடங்கலின்றி வாசித்தான். படகு வெறுமையாகவே போனது. அந்தப் பெண்ணை முற்றத்துக்கு இழுத்து வந்த காட்சியில் நான் கண்களை மூடவில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது டீச்சரை. அங்கே பேசப்பட்ட ஒவ்வொரு வாக்கியமும் அவருக்கு விளங்கியிருக்கும். மாமாவின் ஒவ்வொரு வாக்கியமும் கேட்டிருக்கும். பிழை பிடிக்க மாட்டேன் என்று சொன்ன வார்த்தையை அவர் கடைசிவரை காத்தார்.

அந்த இரவுக்கு மறுநாள் காலை ஊரடங்கைத் தளர்த்தினார்கள். டீச்சர், அம்மா, நான் மூவரும் கீழே இறங்கிப் போனோம். டீச்சர் வீட்டு யன்னல் ஒன்றிலும் கண்ணாடி இல்லை. முற்றத்தில் ஈரச் சாம்பல் குவியலாகக் கிடந்தது. அகராதியின் தடித்த முதுகை அடையாளம் கண்டேன். மாணவிகளின் பயிற்சிக் கொப்பிகள் ஓரங்களில் மட்டும் மீந்திருந்தன. அலுமாரியின் மேல்தட்டில் எப்போதும் பச்சைத் துணியில் சுற்றியிருந்த குர்ஆனும் அங்கேதான் கிடந்தது. டீச்சர் சாம்பலருகே குந்தியிருந்து, அந்தத் துணியின் ஒரு துண்டை எடுத்துத் தட்டினார்.

நான் உள்ளே ஓடி, அறை அறையாகத் தேடிப் பார்த்தேன். தையல் மெசின் இருந்தது. கவிழ்ந்து கிடந்தாலும் தொலைக்காட்சி இருந்தது. சுவர் மணிக்கூடு நின்றுபோயிருந்தது, ஆனால் இருந்தது. எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

"டீச்சர், பயப்படாதீங்க! கள்ளனுங்க ஒண்ணுமே எடுத்துட்டுப் போகல!"

அம்மா என் தோளைப் பிடித்தார். டீச்சர் நிமிராமலே சொன்னார்: "ஓ மகள். ஒன்டும் எடுக்கல்ல."

அம்மாவின் கையை உதறிக்கொண்டு, படிகளில் மேலே எங்கள் வீட்டுக்கு ஓடினேன். மாமா செருப்புகளைப் பழையபடி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் வந்தது போலவே, கள்வர்கள் புத்தகங்களை மட்டும் எரித்துவிட்டுப் போய்விட்டார்கள், மற்றவை எல்லாம் பத்திரம் என்று மூச்சு வாங்கக் கத்தினேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்தும் அவர் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.