டீ பிரேக்குக்குப் பிறகு வந்த முதல் பீஸ்

ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான்தான் மென்பொருள் ஆள். லைனின் கடைசியில் நின்று, முடிந்த பீஸ் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தவர் தென்காசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். அவர் ஸ்கேன் செய்ததும் என் புரோகிராம் அதை வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்பும். அனுப்பும் வேலைக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த புரோகிராம் துண்டை, சேர்த்திருந்தேன்.

தினமும் ஒன்றிரண்டு பீஸ் இரண்டு முறை பதிவானது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட அவரே இரண்டு தடவை ஸ்கேன் செய்கிறார் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார்.

"ஒரு தடவதான் சார் அடிச்சேன். எங்கம்ம சத்தியமா" என்றார் அந்தப் பெண்.

நான் ஆயிரம் பதிவுகளை விடாமல் அனுப்பிச் சோதித்தேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. புரோகிராம் சரியாக இருக்கிறது என்று மெயிலும் போட்டேன். போட்ட கையை ஒடித்திருக்க வேண்டும்.

மனசு கேட்காமல் பதிவான நேரங்களைப் பார்த்தேன். இரட்டித்தவை எல்லாமே டீ பிரேக்குக்கோ சாப்பாட்டுக்கோ பிறகு வந்த முதல் பீஸ். சும்மா கிடந்த பழைய இணைப்பில் பதிவு போய்ச் சேர்ந்துவிடுகிறது, பதில் மட்டும் திரும்பி வருவதில்லை. போகவில்லை என்று நினைத்து லைப்ரரி சத்தமில்லாமல் மறுபடி அனுப்புகிறது. நான் சோதித்தபோது டீ குடிக்க நிறுத்தவே இல்லை.

லைப்ரரி எழுதியவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். தப்பு சர்வரில்தான் என்று சொல்லிப் புகாரை மூடினார்கள். சர்வர்காரர்களோ லைப்ரரியைக் கைகாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் புது இணைப்பைத் திறக்கச் சொன்னால் தீர்ந்தது, ஒரே வரி. அதற்கும் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். மணிமங்கலத்துக்காரர், கெட்டவர் இல்லை. மூடிய புகாரின்மேல் விரலை வைத்தார்.

"இன்னா சார், செஞ்சவனே தப்பு இல்லன்னு எழுதிக்கீறான். நீங்களும் சரின்னு மெயில் போட்டுக்கீறீங்க. அப்பால இன்னா?"

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"ஒங்களுக்காவது தெரியும்லா சார்?" என்று தொழிற்சாலை வாசலில் நின்று கேட்டார். தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அனுமதி வந்தது. அந்த ஒரு வரியை மாற்றினேன். பிறகு ஒரு பீஸ்கூட இரட்டிக்கவில்லை. சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார், அந்தப் பொண்ணு போனதும் எல்லாம் சரியாயிடுச்சி."