பதினேழாம் இலக்கத்துப் படம்

சுனாமி வந்து மூன்றாவது கிழமை. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். ஆள் யாரென்று தெரியாமல் அடக்கம் செய்த உடல்களின் படங்களைப் பட்டியலாக்குவது என் வேலை. ஊர்ப் பெயர்களை ஹெடிங் ஆக்கினேன். பொருளடக்கம் முன்பக்கத்தில் தானாக வந்து விழுந்தது. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் இலக்கம், கீழே உடுப்பு, நகை, தழும்பு. இலக்கத்தை அழுத்தினால் படம் திறக்கும்படி ஹைப்பர்லிங்க் போட்டேன்.

பொறுப்பதிகாரி பார்த்துவிட்டு, "அச்சா வேலை தம்பி! ஊரை அமத்தினா ஊர் வருது, நம்பரை அமத்தினா ஆள் வருது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில்தான் கெட்டேன். கொம்பியூட்டரில் இடம் போதவில்லை. அழுத்தினால் வருகிறதே, அப்படியானால் படம் ஃபைலுக்குள்தானே இருக்கிறது என்று நினைத்து, படங்கள் இருந்த போல்டரை அழித்தேன். கமராவையும் ஏற்கெனவே வெறுமையாக்கியிருந்தோம். லிங்க் வழியை மட்டுமே காட்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை, மடையன்.

பட்டியலை ஒரு லப்டொப்பில் ஏற்றிப் பனிச்சங்கேணி முகாமுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ஆறு வயது மகளைத் தேடிக்கொண்டிருந்த பூமணி அக்கா முன்னால் வந்தார். பதினேழாம் இலக்கம்: பச்சைச் சட்டை, இடது காலில் மட்டும் கொலுசு.

"மற்றது அறுந்து என்னட்டக் கிடக்கு மனே." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். "முகத்தக் காட்டு. அவள்தானா எண்டு பாத்திட்டுப் போறன்."

அழுத்தினேன். ஃபைல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது.

"நாளைக்குத் திறக்குமா மனே?"

"ஓம் அக்கா" என்றேன். அலுவலகத்தில் திறக்கும் என்று நம்பினேன். அங்கும் அதே பெட்டிதான்.

மறுநாள் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப அவள் உசிரோட இருந்தாலும் இருப்பாள்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான் என்பதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

போர் முடிந்த வருடம், அதே மேசையில் காணாமற்போனோர் பட்டியல். பூமணி அக்கா, போரில் காணாமற்போன தன் மகனின் படத்தோடு வந்தார்.

"இதையாவது துலைக்காம வைப்பியா மனே?"

இம்முறை லிங்க் போடவில்லை. படத்தை ஃபைலுக்குள்ளேயே ஒட்டி, வேறொரு கொம்பியூட்டரிலும் திறந்து பார்த்தேன். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் மெஷினில் திறக்கிறது என்பதை நம்பி எதையும் அழிக்காதீர்கள்.

மகனும் வரவில்லை. அக்கா வருடத்துக்கு ஒருமுறை என்னைத் தேடி வருவார். மகனின் முகம் பளிச்சென்று திறக்கும். பார்த்து முடித்ததும் பழைய ஃபைலையும் திறக்கச் சொல்வார்.

"அந்தப் பதினேழையும் ஒருக்கா அமத்திப் பாரு மனே."

அழுத்துகிறேன். பெட்டிதான் வருகிறது.