நீர்க்கடுப்புக்காரர்களும் நானும்

வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் டப்பாவைப் பார்ப்பதுதான் என் தொழில். பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக லேப் டெக்னீஷியன். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது, போய்விட்டு வந்த மறு நிமிடமே மறுபடி முட்டுகிறது என்று தவித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், படியுங்கள்.

உச்சத்தில் சர்க்கரை

காட்டூரிலிருந்து ஒரு விவசாயி எரிச்சல் என்று வந்தார். "மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதைப் பிடிங்க" என்று டப்பா கொடுத்தேன். அது பத்தாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நிறையப் பிடித்துக் கொண்டுவந்தார். பரிசோதனைப் பட்டையை நனைத்தால் சர்க்கரை உச்சத்தில் காட்டியது. அவர் அண்ணனுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போயிருந்தது. மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

எனக்குப் பாட்டில் மூடியின் பிசுபிசுப்பு உறுத்தியது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. புது டப்பாவில் பிடித்த சிறுநீரில் தொற்று மட்டும்தான், சர்க்கரை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ இவ்ளோ நேரம் நான் அழுதது ஆரஞ்சு ஜூஸுக்கா?"

வலியே இல்லாத தொற்று

லைட்ஹவுஸ் குப்பத்து ரேவதிக்கு நாலாவது மாதம். எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் சிறுநீரைப் பரிசோதித்ததில் கிருமி வந்தது. கர்ப்பத்தில் இதை விட்டுவைத்தால் சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று டாக்டர் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மாத்திரையாகப் பார்த்து எழுதினார். ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிற அவள் கணவன் முருகன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"வலியே இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு மாத்திரை? கொழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா?"

ஏற்கெனவே ஒன்று கலைந்திருக்கிறது என்று ரேவதி மெல்லச் சொன்னாள். நான் வாதாடவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டு அவனை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "நவுருதுக்கா" என்றான். பிறகு அவளுக்கு மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். எனக்கு ஞாபகம் நிற்பது, அன்று அவன் நிமிர்ந்து மனைவியிடம் சொன்னதுதான்: "இது எந்த வலைக் கண்ணியிலயும் மாட்டாதுடி. மாத்திரைய முழுங்கு."

இடுப்பளவு தண்ணீர்

பசியாவரத்து தேவகியக்கா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். மூன்றாவது தடவை வந்தபோது உடம்பு தூக்கிப்போடுகிற குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. கிருமி சிறுநீரகம் வரை போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து நாள்கணக்கில் ஊசி போட்டுத்தான் தேறினார்.

இவருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உட்காரவைத்து நோண்டினேன். முன்பு இரண்டு தடவையும் எரிச்சல் நின்றதுமே மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்தியிருக்கிறார்.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"

"காலைல ஒரு டீ. அப்பால கரையேறுனாத்தான். குடிச்சா ஒண்ணுக்கு வரும். சுத்தி ஆம்பளைங்க, எங்க போறது?"

இதற்கு என்னிடம் மாத்திரை கிடையாது. கிராம நர்ஸ் போய்ப் பேசினார். கூட வருகிற பெண்கள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போவது, நடுவில் ஒருமுறை எல்லோரும் சேர்ந்தே கரையேறுவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். தேவகியக்கா மட்டும் என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "இடுப்பளவு தண்ணில நிக்கிறவளைப் பார்த்து, உனக்குத் தண்ணி பத்தலைன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மே."

பேர் எழுதாத டப்பா

போன சித்திரையில் எனக்கே வந்தது. வரிசை நீளம் என்று மதியம் வரை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிற பழக்கம். பேர் எழுதாமல் ஒரு டப்பாவை ஓரமாக வைத்தேன். நர்ஸ் செல்வி பார்த்துவிட்டாள்: "பேர் இல்லாத டப்பா யாருதுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவியே, இப்போ கத்து பார்ப்போம்!"

இத்தனை வருடம் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்ததில் நான் கண்டுகொண்டது, கிருமி யாரிடமும் வெட்கப்படுவதில்லை, நாம்தான் அதன் சார்பில் வெட்கப்பட்டுக்கொண்டு அதற்கு இடம் கொடுக்கிறோம் என்பதுதான்.