முப்பதாம் எண் தட்டு

1984 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை, அரியலூர். காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்தேன். முந்தின நாள் மழையை நாட்குறிப்பில் எழுதினேன். ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன்.

அப்போது காட்டு மூலிகைகளின் இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தோம். நான் ஆய்வக உதவியாளர். இலையை மருந்து நீரில் கழுவி, மேலிருக்கும் கிருமிகளைக் கொன்று, நறுக்கி, பூஞ்சைக்கு உணவான கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் வைப்போம். சில நாட்களில் உள்ளிருக்கும் பூஞ்சை வெளியே வளரும். கடைசியாகக் கழுவிய நீரையும் ஒரு தட்டில் விடுவோம். அதில் எதுவும் வளராவிட்டால் கழுவியது சரி. மற்றவற்றில் வளர்ந்தது இலைக்குள்ளிருந்து வந்ததுதான். அந்தத் தட்டுக்கு எண் முப்பது.

இலை கொண்டுவருபவர், வைத்தியர்களுக்கு மூலிகை பறித்துக் கொடுக்கும் ஓர் அம்மாள். என் வயதுதான். "சோத்துல பூசணம் பூத்தா கொட்டுவாங்க. நீங்க பூக்கவெச்சுல்ல பாக்குறீங்க!" என்று சிரிப்பார்.

அன்று ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையின் தட்டுகளை எண் வரிசையில் பார்த்தேன். ஏரிக்கரை இலைகளிலும் வரப்பு இலைகளிலும் ஏழெட்டு வகைப் பூஞ்சைகள். சுண்ணாம்புக்கல் மேட்டு இலைகளில் மட்டும், இருபத்தொன்றாம் தட்டிலிருந்து, ஒரே கறுப்புப் பூஞ்சை. நான் அதுவரை காணாதது. இத்தனை துண்டிலும் ஒன்றே வருமா? இருபத்தைந்தாம் தட்டிலேயே முடிவு செய்து, 'கை அசுத்தம்' என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்ததும், இலை பறித்த கை அசுத்தம் என்று சொன்னேன்.

"எங் கை அழுக்கா? நீங்க குடுத்த இடுக்கியாலதான் புடிச்சேன். அப்புடியே இருந்தாலும், நீங்கதான மருந்துத் தண்ணியில கழுவுறீங்க? அதுலயும் போவாத அழுக்கா சார்?"

எனக்குக் கோபம் வந்தது. இனி வர வேண்டாம் என்றேன். "அந்த மேட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தவரை, வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். மேட்டு இலைத் தட்டுகள் ஒன்பதையும் பூஞ்சை பரவாமலிருக்க பிரஷர் குக்கரில் வேகவைத்துக் கொட்டினேன்.

நாலு மணிக்கு அலமாரியைத் துடைத்தபோது முப்பதாம் தட்டு கையில் வந்தது. அதில் எதுவுமே வளரவில்லை.

சைக்கிளில் அவர் ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான், மறுபடி இலை கேட்கவும்தான். வாசலில் வேர்களைக் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா" என்றேன்.

"சரிங்க."

"அந்த மேட்டு இலை இன்னும் ஒரு கட்டு..."

"ஏது மேடு? எட்டு நாளா மெஷின் ஓடுது, கல்லு வெட்டுறாங்க. வெடி வெக்கிறதுக்கு மொத நாளு ஓடிப்போயி உங்களுக்காவப் பறிச்சாந்தேன். அதத்தான் காலையில சொல்ல வந்தேன்."

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. அந்தப் பூஞ்சையைப் பிறகு எத்தனையோ இடங்களில் தேடினோம், கிடைக்கவில்லை. இரண்டு முறை நேரில் போய் அழைத்தும் அந்த அம்மாள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை.

அந்தப் பள்ளத்தைப் பார்த்த மறுநாள் காலை ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும், முதல் வேலையாக, 'கை அசுத்தம்' என்பதை அடித்து, 'உதவியாளரின் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.