எட்டாம் இடம், நீல மையில்

ஆர்லோ பென்னர் ஊரைவிட்டுப் போனது 2009 ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. கான்சாஸ் சமவெளியில் காற்று பனியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போன காலை அது. வால்நட் ஃபோர்க் கல்லூரிக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டு வாசலில், தன் பிக்கப் வண்டியில் மெத்தையை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் கிளம்புவதைப் பார்த்த ஒரே ஆள், தபால் வண்டியில் வந்த தபால்காரம்மா வெர்லீன் உன்ரூ.

முகவரி மாற்ற அட்டையை நீட்டி, இதை எங்கே கொடுப்பது என்று கேட்டான். வெர்லீன் வண்டிக் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டார். அப்பா வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாராம். அறுபது மாடுகளுக்கு இரண்டு வேளையும் பால் கறக்க ஆள் வேண்டும்.

“கோச்சுகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன், மேடம். பாத்துப் போ, ரோடு வழுக்கும்னாரு.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லுவாங்க? நான் என்ன பந்தா எறியறேன்?”

ஆர்லோ எறிபவன் இல்லைதான். கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் அவன் சென்டர். வரிசையின் நடுவில் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த நொடியே எதிரில் பாய்ந்து வரும் மலைபோன்ற ஆளை மார்பால் தாங்குகிற வேலை. மூன்று வருஷம் அதைச் செய்தான். மூன்று வருஷமும் செய்தித்தாளில் அவன் பெயர் வந்ததில்லை.

அந்த வாரம் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க கோல்பி ரெகியரின் படம். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அவன்தான். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டும் போகாமல், கடைசி வருஷத்தையும் இங்கேயே ஆடுவதாக முடிவெடுத்திருந்தான். ஊர் கொண்டாடியது. இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று முடி வெட்டுகிறவர் முதல் பாதிரியார் வரை சொன்னார்கள்.

ஆர்லோ போனதைப் பற்றி வெர்லீன் வாயைத் திறக்கவில்லை. தபால் வண்டியில் தெரியவந்ததை ஊருக்குள் சொல்வதில்லை என்பது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. தினம் எண்பத்தேழு மைல், நானூறு பெட்டிகள். யாருக்கு வக்கீல் நோட்டீஸ், யாருக்குக் காதல் கடிதம் என்று எல்லாம் தெரியும். எதுவும் வெளியே வந்ததில்லை.

ஆனால் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக, ஏப்ரலில் கல்லூரியின் வசந்தகால ஆட்டம் முடிந்த மறு திங்கட்கிழமை, வட்டாரத்தின் பத்துக் கல்லூரி அணிகளும் வரப்போகும் பருவத்தில் எந்தெந்த இடத்தில் முடிக்கும் என்று ஒரு தாளில் நீல மையில் எழுதி, கூட்டுறவுக் கிடங்கின் சுவரில், விதைக் கம்பெனி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவார். ஒட்டிய பிறகு ஒரு எழுத்தையும் மாற்றமாட்டார். ஆகஸ்டில் யாருக்காவது கால் முறிந்தாலும் சரி. நவம்பரில் பருவம் முடிந்ததும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உண்மையில் வந்த இடத்தைச் சிவப்பு மையில் எழுதுவார். அந்தத் தாள் அடுத்த ஏப்ரல் வரை அங்கேயே தொங்கும். அவருடைய தப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் ஐந்து மாதம் காபி குடிக்கும். காலையில் அங்கே உட்கார்ந்து ஜோசியம் சொல்கிறவர்கள் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். தப்பை எழுதித் தொங்கவிட்டவர் வெர்லீன் ஒருவர்தான்.

வசந்தகால ஆட்டம் என்பது அணி இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே ஆடுவது. அந்த ஏப்ரலில் கோல்பி ஆறு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தான். மைதானமே எழுந்து நின்றது. வெர்லீன் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, தொலைநோக்கியை ஆர்லோ நின்ற இடத்திலேயே வைத்திருந்தார். அங்கே புதுப் பையன் ஒருவன். நாற்பது முறை பந்தைத் தள்ளியதில் பதினொரு முறை தாழ்வாகப் போனது. கோல்பி சிரித்துக்கொண்டே குனிந்து பொறுக்கினான். அவசரமே இல்லை. பயிற்சி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிடுவார்கள். அவனை யாரும் தொடக்கூடாது.

இது கண்ணிருக்கிற எல்லாரும் பார்க்கக்கூடியது. தபால் வண்டியில் தெரியவந்ததல்ல. அதனால் எழுதலாம்.

திங்கட்கிழமை தாள் சுவரில் ஏறியது. வால்நட் ஃபோர்க், எட்டு. பக்கத்தில் ஒரே வரி: ‘ஆர்லோ பென்னர் போய்விட்டான்.’

கிடங்கின் மேலாளர் லோவல் ஷ்ராக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வெர்லீனோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து படித்தவர்.

“யாரும்மா அந்த ஆர்லோ?”

“மூணு வருஷமா உன் கண்ணு முன்னாடி குனிஞ்சு நின்னவன்.”

“சனிக்கிழமை ஆட்டத்த நீ பாத்தியா இல்லையா? ஆறு தடவ அடிச்சான், வெர்லீன்.”

“பாத்தேன். நம்ம பசங்க நம்ம பசங்களத்தான் ஜெயிச்சாங்க, லோவல். தோத்ததும் நம்ம பசங்கதான். ஏப்ரல்ல சிவப்புச் சட்டைய யாரும் தொடமாட்டாங்க. செப்டம்பர்ல சட்டை என்ன நிறம்னு யாரு பாக்கப்போறா?”

மேஜையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தபால்காரம்மாவுக்கு வயசாகிவிட்டது, இனிமேல் கடிதங்களைத் தப்பான பெட்டியில் போட ஆரம்பித்துவிடுவார் என்றார் ஒருவர். அடுத்த நாள் கல்லூரியிலிருந்தும் லோவலுக்குத் தொலைபேசி வந்தது. புதிதாகச் சேர வரும் பையன்களின் பெற்றோர் அங்கேதான் காபி குடிக்க வருகிறார்களாம். லோவல் தர்மசங்கடத்தோடு, எட்டை மூன்றாக மாற்றிவிடேன், இல்லையென்றால் தாளை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

வெர்லீன் சொன்னார்: “தாள் இருக்கட்டும். நம்மாளுங்க முதல் நாலுக்குள்ள வந்தா நானே கிழிக்கிறேன். அப்புறம் எழுதவே மாட்டேன்.”

முப்பத்தொரு வருஷத்தை அவர் இப்படிப் பணயம் வைப்பார் என்று லோவல் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார். மேஜையில் எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

செப்டம்பரில் வால்நட் ஃபோர்க் முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தது. கிடங்கில் வெர்லீனின் நாற்காலியில் யாரோ ஒரு கத்தரிக்கோலை வைத்திருந்தார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து காபியை ஊற்றிக்கொண்டார். அடுத்த ஐந்தில் நான்கு தோல்வி. கோல்பி மண்ணில் விழாத வாரமில்லை. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் நான்காம் இடம்.

வெர்லீன் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அன்றும் ஏழாவது வரிசையில், மெத்தைத் துணி விரித்து, தெர்மோஸோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லோவல். ஒரு நிமிஷம்தான் பாக்கி. மூன்று புள்ளி பின்னால். எதிரணியின் கோடு நாலு கஜத்தில். ஆர்லோ இடத்துப் புதுப் பையன் குனிந்தான். பந்து தாழ்வாகப் போய்க் கோல்பியின் காலில் பட்டு உருண்டது.

“எடு கண்ணா, எடு! எடுத்துடு!”

தொண்டை கிழியக் கத்தியது வெர்லீன். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, தானே பொறுக்கித் தரப்போவதுபோல. அந்தப் பந்து கோல்பியின் கையில் கிடைத்து அணி ஜெயித்திருந்தால் அவருடைய தாள் அன்றோடு சரி. லோவல் மைதானத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்தார். எதிரணிக்காரன் பந்தின்மேல் விழுந்தான்.

ஆறாம் இடம். திங்கட்கிழமை காலை வெர்லீன் எட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஆறு என்று எழுதினார். லோவல் கோஸும் கறியும் அடைத்த சூடான பீரக் ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவர் முன்னால் வைத்தார்.

“ரெண்டு எடம் தப்பு” என்றார்.

“ஆமா. அதான் எழுதியிருக்கேனே.”

தாளின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. லோவல் போய்ப் புது ஆணி ஒன்றைக் குத்திவிட்டு வந்தார்.

அதன்பிறகும் ஏழு ஏப்ரல்களில் தாள் சுவரில் ஏறியது. இதற்கிடையே வெர்லீன் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 2016 மே மாதம், அவருடைய பழைய வழியில் வரும் புதுத் தபால்காரப் பெண் ஒரு தடித்த உறை கொண்டுவந்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பையன்களின் பெயர், எடை, வயது எழுதிய பட்டியல். ஒரு டிவிடி. ஒரு கடிதம்.

“வெர்லீன் மேடம், என்னை ஞாபகம் இருக்குமோ என்னவோ. மெத்தையோடு போனவன். வீட்டு ஓனரம்மா அந்த வருஷத் தாளை நகலெடுத்து அனுப்பினார்கள். அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். அப்பா அதைப் படித்த பிறகுதான், நான் என்ன ஆடினேன் என்று முதல்முறை கேட்டார். இப்போது மாடுகளையும் பார்த்துக்கொண்டு, இங்கே பள்ளி அணிக்கு வரிசை ஆட்களைப் பழக்குகிறேன். வசந்தகாலப் பயிற்சியின் படம் டிவிடியில் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் ஆறு பள்ளிகள். ஊரில் எல்லாரும் எங்களுக்கு முதலிடம் என்கிறார்கள். நீங்கள் பார்த்துவிட்டு இடத்தை எழுதி அனுப்புங்கள். நீல மையில். சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.”