நான் நியமித்த மந்திரி

தேர்தல் இல்லாமல், பதவிப் பிரமாணம் இல்லாமல், சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் ஒருவரை மந்திரியாக்கிய மடையன் நான். யாங்கோனில் மூன்று மொழி தெரிந்தவன் என்றுதான் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள். மூன்றிலும் வாயை மூடத் தெரியாதவன் என்பது கூப்பிட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

இளம் வக்கீல்களுக்கு வகுப்பெடுக்க ஜெர்மனியிலிருந்து வயதான வக்கீல் ஒருவர் வந்திருந்தார். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். முதல் நாளே தன் கதையைச் சொன்னார். சின்ன ஊரில் தொழில். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன், ஊர்வலம் போய்ப் பிடிபட்டவன் என்று காசு இல்லாத கட்சிக்காரர்களாகவே வந்து சேர்வார்களாம். பிறகு, தனிமனித சுதந்திரம் பேசும் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து மாகாண சட்டமன்றத்துக்கு நின்றிருக்கிறார். இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை ஜெயித்து எதிர்க்கட்சியில் கடைசி வரிசை. அடுத்த தேர்தலில் மறுபடி தோல்வி. மறுநாள் காலையிலேயே கறுப்பு அங்கியைத் தேடிப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாராம்.

"பெரிய சாதனை எது?" என்று கேட்டேன்.

நன்றாக யோசித்துவிட்டு, "ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பஸ் நிற்க ஏற்பாடு செய்தேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை தூரம் பறந்து வந்த மனிதர் ஒரே ஒரு பஸ் ஸ்டாப்போடு வந்தால் எப்படி?

சாயங்காலம் தாகேதா பேட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கணவர் போன பிறகு கடையை ஒரு லாத்தா, அதாவது ஒரு முஸ்லிம் அக்கா, ஒற்றை ஆளாக நடத்துகிறார்.

"யாரு தம்பி இந்த சயாஜி?" என்றார். வயதில் பெரியவர் யாராயிருந்தாலும் இங்கே சயாஜிதான்.

"ஜெர்மனியில மந்திரி, லாத்தா."

சொல்லும்போது ருசியாகத்தான் இருந்தது. கூடவே சமோசாவும் வந்தது.

நாலு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் போனேன். லாத்தா கடையில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் மகளின் குடியுரிமை அட்டைக்காக அலுவலகத்தில் இருக்க வேண்டியவர். மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் அட்டையைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

"போகலையா லாத்தா?"

"எதுக்குப் போவணும்? அதான் ஒன் மந்திரி இருக்காருல்ல. அவரு ஒரு கடுதாசி குடுத்தா முடிஞ்சுது. நீ கேட்டு வாங்கிக் குடு."

நான் அந்தப் பொய்யைச் சொன்ன அன்று பாக்கி இருந்தது பதினாறு நாள். அதில் நாலை என் மந்திரி தின்றுவிட்டிருந்தார்.

ஓடிப்போய் ஜெர்மன்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "எந்தத் துறை?" என்று கேட்டார்.

"இன்னும் ஒதுக்கவில்லை" என்றேன்.

"அப்படியானால் காகிதங்களைப் பார்க்கலாம்."

டீ மேஜையைத் துடைத்துவிட்டு லாத்தா பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். மனிதருக்கு பர்மிய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். "காகிதத்தில் இந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்?"

இங்கே வீட்டுக்கு வீடு ஒரு குடும்பப் பட்டியல் உண்டு. உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதுதான் உங்கள் வீடு. லாத்தாவின் பட்டியலை விரித்தேன். மகள் பெயர் அதில் இல்லை.

"இன்சீன்ல மாமா வீட்டுல தங்கிப் படிச்சாள்ல, அப்ப பேரை அங்க மாத்துனோம்" என்றார் லாத்தா. திரும்ப மாற்றவில்லை. பட்டியலைச் சரிபாருங்கள் என்று அலுவலகத்தில் இரண்டு முறை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். "சும்மா சொல்லுவாங்க, அதே மனுவை மறுபடி குடுங்க" என்று அவருக்கு ஆலோசனை சொன்ன மேதை யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

மறுநாள் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நாலு பேரும் இன்சீன் போனோம். வார்டு அலுவலகத்துப் பெஞ்சில் லாத்தாவுக்கும் மகளுக்கும் பக்கத்தில் ஜெர்மன்காரரும் உட்கார்ந்தார். நீங்கள் வர வேண்டியதே இல்லையே என்றேன்.

"சட்டமன்றத்தில் இருந்தபோது பாதி நாள் இதுதான் என் வேலை. யாராவது ஒருவரோடு எங்காவது ஒரு பெஞ்சில்" என்றார். வரிசை நகர்ந்தபோது அந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் நகர்ந்தார். அவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் பெயர் மாற்றிய காகிதம் கைக்கு வந்தது.

அவர் ஊருக்குப் போன பிறகு, கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அட்டை கிடைத்தது. லாத்தா கடையில் அன்று எல்லோருக்கும் டீ இலவசம். எத்தனையோ முறை ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"லாத்தா, அவரு மந்திரியே இல்ல. எலெக்‌ஷன்ல தோத்துப்போன வக்கீலு. நான்தான் பொய் சொன்னேன்."

லாத்தா டீ வடிகட்டுவதை நிறுத்தவில்லை.

"மந்திரி எங்கயாச்சும் வரிசையில நிப்பாரா தம்பி?"